ஒரு கைக்கு மட்டும் செதுக்கிய தந்தம்

சாட்சியாக இங்கே அழைக்கப்பட்டிருக்கும் வாசகரே, முதலில் உங்கள் வலக் கையை எதையோ பிடிப்பதுபோல மூடுங்கள். இறுக்க வேண்டாம், ஒரு மாங்காயைப் பிடிக்கும் அளவு போதும். இப்போது உள்ளே பாருங்கள். பெருவிரல் சாயும் இடத்தில் ஒரு வளைவு, உள்ளங்கையில் ஒரு குழிவு, சுண்டுவிரல் மடியும் மூலையில் ஓர் ஒடுக்கம். வெறும் காற்று நிரம்பிய அந்த இடத்துக்கு ஒரு வடிவம் உண்டு. அது உங்களுடையது மட்டுமே. உங்கள் உடன்பிறந்தவர் கையை மூடினாலும் அதே வடிவம் வராது. அந்த வெற்றிடத்தை ஒருவர் கண்ணால் அளந்து, கடினமான பல்லில் செதுக்கி, உங்களிடமே தந்தார் என்று வையுங்கள். பிறகு நீங்கள் இல்லாமற் போனீர்கள். கருவி மிஞ்சியது. அது யாருக்கு உரியது?

பட்டிமன்றத் தலைப்பாக இதை நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கியிருப்பேன்.

மெல்பேர்னில் ஓர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் கூடத்தில் என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. பழம்பொருள்களைப் பழுது பார்ப்பதும், அவை சாயாமல் நிற்கத் தாங்கிகள் செய்வதும் என் வேலை. நார்த்மீட் என்ற ஊரிலிருந்து ஆண்டு மலர் வெளியிடும் நண்பர்கள் அந்த அனுபவத்தை எழுதும்படி பல முறை கேட்டும் தட்டிக்கழித்தே வந்தேன். சென்ற மாதம் என் பழைய சக ஊழியை நிக்கோல் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் காத்து வந்த ஒரு தந்தக் கருவியை இப்போது ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் அச்சு அசலாக ஒரு நகல் எடுத்திருக்கிறார்களாம். நகலை அதன் சொந்தக்காரருக்கு அலாஸ்காவுக்கு அனுப்பிவிட்டு, அசலை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்று நிர்வாகக் குழு யோசிக்கிறதாம். என் கருத்து என்ன என்று கேட்டார். அந்தச் சொந்தக்காரரின் பெயர் அன்னா. அவருக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. தாமதம் செய்ய எனக்கு இனி உரிமை இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் பல் கட்டும் தொழிலில் இருந்தேன். பகலில் மெழுகிலும் சாந்திலும் பிறர் வாய்க்குப் பற்கள் செய்தேன். மாலையில் என் வாய்க்கு வேலை கொடுத்தேன். வாசிகசாலை முற்றங்களிலும் கோயில் வீதிகளிலும் நான் ஏறாத விவாத மேடை குறைவு. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதை மேடைப்படியில் கால் வைக்கும்போது சொன்னால் போதும் என்பது என் செருக்கு. அதை இன்றும் மறைக்க விரும்பவில்லை. எங்களுக்குப் பேச்சுப் பயிற்றியவர் சொல்வார்: மூச்சை வயிற்றில் வை, கடைசிக் கதிரையில் இருப்பவனைப் பார்த்துப் பேசு, இக்கட்டான கேள்வி வந்தால் விடை சொல்லாதே, கேள்வியை உன் பக்கத்துக்கு இழு.

யுத்தம் எங்களைக் கிளப்பியது. நானும் மனைவி தேவகியும் மெல்பேர்னில் இறங்கியபோது என் குரலுக்கு இங்கே மேடை இல்லை என்பது விமான நிலையத்திலேயே விளங்கிற்று. பல் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தேன். மெல்லிய கம்பி வளைக்கவும் அச்சு வார்க்கவும் தெரிந்த ஒருவர் அருங்காட்சியகத்துக்குத் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் தேவகி சிரித்தாள். “இவ்வளவு நாளும் உயிரோட இருக்கிறவைக்குப் பல்லுக் கட்டினியள். இனி செத்ததுகளுக்கோ?”

அந்தக் கூடத்தின் தலைவி ஹெலன். அவர் இன்று உயிரோடு இல்லை. அவரைப் பற்றி எழுதும்போது என் நடை தானாகவே மெதுவாகிறது. நாங்கள் பேசியது ஆங்கிலம். அதை என் வீட்டுத் தமிழில் தருகிறேன். அறிந்தால் ஹெலன் சிரித்திருப்பார், தடுத்திருக்க மாட்டார்.

முதல் நாள் ஒரு மண் கிண்ணத்தின் மீது குனிந்துகொண்டு அதன் அழகைப் பற்றி நான் உரையாற்றத் தொடங்கினேன். ஹெலன் என் வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவே தம் கையை நீட்டினார்.

“சிவா, மூச்சில ஈரம் இருக்கு. எச்சில் தெறிக்கும். பேச வேணுமெண்டால் அங்கால திரும்பிப் பேசுங்கோ.”

சபையைப் பார்த்துப் பேசி வளர்ந்தவன் அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் பேசப் பழகினேன்.

ஹெலன் ஒரு பொருளை எடுத்த எடுப்பில் தொட மாட்டார். மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பார். கையைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைப்பார். பிறகு கதிரையில் அமர்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பொருளைப் பார்ப்பார். வேறொன்றும் செய்ய மாட்டார். பார்வையாலேயே அதைத் தூக்கி, திருப்பி, திரும்ப வைத்துவிட்டார் என்று தோன்றிய பிறகுதான் கையுறை அணிவார். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பழைய தேநீர்க் கோப்பை ஒன்றைக் காட்டி, “இதை எங்க பிடிச்சுத் தூக்குவீங்கள்?” என்று கேட்பார். எல்லாரும் கைப்பிடியைக் காட்டுவோம். “அங்கதான் பிடிக்கக் கூடாது” என்பார். ஒரு பொருளின் வாழ்நாள் இழுப்பையெல்லாம் வாங்கியது அதன் பிடிதான். ஒட்டு விட்டிருப்பதும் உள்ளே வெடித்திருப்பதும் அங்கேதான். ஆகவே உடலை இரு கையாலும் கீழிருந்து ஏந்த வேண்டும். பிடி என்பது பழம்பொருளின் களைத்துப்போன இடம். எங்கள் கூடத்தின் முதல் விதி அது.

அந்த விதி செல்லாத ஒரு பொருள் எங்களிடம் வந்து சேர்ந்தது.

உலகம் இனுவிட் என்று பொதுப்பெயர் சொல்லும் வடதுருவ மக்களின் பெண்கள், விலங்குத் தோலைப் பதப்படுத்தவும் தைக்கவும் வைத்திருந்த கருவிகள் சில ஒரு தட்டில் வந்தன. அலாஸ்காக் கரையில் செய்தவை. அந்தக் கரைக்குக் கப்பலில் போய்வந்த மாலுமி ஒருவர் வாங்கி வந்து, அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் எங்களுக்கு நன்கொடையாகத் தந்தவை. ஊசிகளைப் போட்டு வைக்கும் தந்தக் குழல் ஒன்று. சப்பாத்தின் அடித்தோலை விரல்நுனியிலும் குதியிலும் சுருக்கு வைத்து மடிப்பதற்கான தட்டையான கருவி ஒன்று. அதன் முனை பெரிய நகம் போலிருக்கும். மூன்றாவது, தோலின் உட்புறத்திலுள்ள கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி எடுக்கும் சுரண்டி.

எல்லாம் வால்ரஸின் தந்தம். வால்ரஸ் என்பது வாயிலிருந்து இரண்டு நீண்ட பற்கள் தொங்கும் பெரிய கடல் விலங்கு. யானைத் தந்தத்தைக் குறுக்கே பார்த்தால் பாய் பின்னியதுபோலக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். வால்ரஸ் தந்தத்தின் நடுப்பகுதி அப்படியல்ல. ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சியைப் போல மணிமணியாகத் தெரியும். பற்களோடு வாழ்ந்தவன் என்பதால் உருப்பெருக்கியை வைத்த உடனே சொன்னேன். ஹெலன் தலையசைத்தார். அவரிடம் கிடைக்கும் பாராட்டு அவ்வளவுதான். அதற்காக நான் ஏங்கியது அவருக்குத் தெரியாது.

அந்தச் சுரண்டியில் அலகு சிறியது. முன்னாலுள்ள ஒரு பிளவில் செருகியிருந்தது. மற்றதெல்லாம் தந்தம். பெருவிரலுக்கு ஒரு பள்ளம், மூன்று விரல்களுக்கு மூன்று சாய்வுகள், உள்ளங்கையை நிரப்ப ஒரு புடைப்பு. உடல் என்று தனியாக எதுவும் இல்லை. முழுவதும் பிடி. ஹெலன் வழக்கத்தை விட நெடுநேரம் மடியில் கை வைத்திருந்துவிட்டு, “இதுக்கு என்ர விதி சரிவராது” என்றார்.

பெருவிரல் பள்ளத்திலிருந்து அலகு வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. எத்தனையோ ஆண்டுகள் வீட்டுச் சூடாக்கியின் வறண்ட காற்றில் கிடந்ததன் விளைவு. அடிப்புறத்தில், புடைப்பின் ஓரமாக, சற்றே கருத்த வேறொரு தந்தத் துண்டு பதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கரையினர் தோலுக்காக வேட்டையாடும் கடல்நாயின் வடிவம். அழகுக்காக வைத்ததாயின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? காரணம் தெரியாமலே அதைப் பல ஆண்டுகள் மென்தூரிகையால் துடைத்து வந்தேன். என் கை அதில் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். கையுறையோடு ஏந்தும்போதே என் பெருவிரல் பள்ளத்தைத் தாண்டி வெளியே நிற்கும்.

அன்னா வந்தது இப்படி. அவருடைய மகள் லூசி ஓர் ஆஸ்திரேலியரை மணந்து மெல்பேர்னில் தாதியாக வேலை செய்தார். மகளைப் பார்க்க வருவதற்கு முன் அன்னா எங்கள் இணையத்தளத்தில் அந்தச் சுரண்டியின் படத்தைப் பார்த்திருக்கிறார். வந்த வாரமே மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார். குள்ளமான, அகன்ற தோளுள்ள பெண்மணி. தோல் தைப்பதே தொழில். விரல் மூட்டுகளெல்லாம் வீங்கியிருந்தன. தட்டை முன்னால் வைத்ததும் ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“திருப்புங்கோ.”

கையுறைக் கைகளால் ஏந்தித் திருப்பினேன். கடல்நாய் தெரிந்தது.

“இதிலதான் அப்பாக்குக் கத்தி வழுக்கினது.”

கதையை அவர் தம் தந்தையிடம் கேட்டவர். ஒரு குளிர்காலம் முழுவதும் தந்தை செதுக்குவார். தாய் பிடித்துப் பார்த்து “இல்லை” என்பார். தந்தை மறுபடி செதுக்குவார். எல்லாம் முடியும் தறுவாயில் கத்தி வழுக்கி ஒரு குழி விழுந்தது. தந்தை அன்று மறுபடி கத்தியைத் தொடவில்லை. தாய்தான் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “அதில ஒரு கடல்நாயைச் செய்து வையுங்கோ. மணக்காத கடல்நாய் ஒண்டாவது இந்த வீட்டில கிடக்கட்டும்.”

பிறகு தாய்க்கு நெஞ்சு நோய் வந்தது. தெற்கே வைத்தியத்துக்கு ஏற்றிப்போகும் கப்பல் வந்தது. போனவர் அங்கேயே இறந்து, அங்கேயே எங்கோ அடக்கமானார். அன்னா அப்போது தத்தித் தத்தி ஓடும் பிள்ளை. கருவிகள் வீட்டில் கிடப்பதைப் பார்க்கத் தாங்காமல் தந்தை அவற்றை ஒரு மாலுமிக்கு விற்றார். விற்ற பிறகு சாகும்வரை அவற்றைப் பற்றியே பேசினார்.

“எனக்கு அம்மான்ர முகம் தெரியாது” என்றார் அன்னா. “படம் ஒண்டும் இல்லை. புதைச்ச இடம் எங்கையெண்டும் தெரியாது. அவவின்ர கை மட்டும் இதுக்குள்ள இருக்கு. கையுறை இல்லாமல் ஒருக்கா நான் பிடிக்க வேணும்.”

லூசி அசௌகரியத்தோடு சுவரைப் பார்த்தார். ஹெலன் சுரண்டியிலிருந்த விரிசலைக் காட்டினார். வெறுங்கை ஆகாது, அதிலும் பிடித்து இறுக்குவது ஆகவே ஆகாது. விரிசல் ஓடி இரண்டாகப் பிளந்தால் அதை ஒட்டலாம். ஆனால் அந்தக் கையின் வடிவம் ஒரு மயிரிழையாவது மாறிப்போகும். உலகத்தில் அந்தப் பெண்ணின் உடலிலிருந்து மிஞ்சிய ஒரே வடிவம் அது. இதையெல்லாம் ஹெலன் அன்னாவிடம் மறைக்காமல் சொன்னார். “நான் தனிய முடிவெடுக்க ஏலாது. குழுவில கேட்கிறன்” என்றார்.

அந்த ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் நான் காரை ஓட்டிக்கொண்டே குழுவுக்கான உரையைத் தேவகிக்குப் பேசிக் காட்டினேன். தாய்மை, பிரிவு, உரிமை என்று அடுக்கி வந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது.

“உந்தப் பேச்சை எனக்கேன் சொல்லுறியள்? நான் என்ன நடுவரோ?” என்றாள் தேவகி.

“நல்லா இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லும்.”

“நல்லாத்தான் இருக்கு. ஒண்டு கேட்கட்டோ? உங்கட அம்மான்ர கை எந்த அளவு? சின்னதோ, பெரிசோ?”

என் தாய் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது பாதைகள் மூடியிருந்தன. நான் மெல்பேர்னில் இருந்தேன். அவரது குரலை இப்போதும் எனக்குள் கேட்க முடியும். எழுத்தை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். கையின் அளவு? என் கண்முன் ஒரு கை வந்தது. அது சோறு பிசைந்தது. அது பெரியதா சிறியதா என்று பார்க்க அருகே வைக்க ஒன்றும் இல்லை.

“பச்சை விழுந்திட்டுது. காரை எடுங்கோ” என்றாள் தேவகி. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

குழுவில் முக்கியமானவர் கிரெக், சேகரிப்புகளுக்குப் பொறுப்பானவர். கெட்டவர் அல்லர். ஒரு பொருள் தம் காலத்தில் உடைந்தது என்ற பெயர் வரக்கூடாது என்று அஞ்சும் மனிதர். அவர் என்னைப் பார்த்து, “சிவா, அவ பிடிச்சால் அது தாங்குமா?” என்று கேட்டார். நான் எழுந்தேன். மூச்சை வயிற்றில் வைத்தேன். “இங்கே எழுகின்ற கேள்வி தாங்குமா என்பதல்ல, நாம் எதைத் தாங்கப் பிறந்தவர்கள் என்பதே” என்று தொடங்கினேன். பெருமையோடு சொல்கிறேன், அது நல்ல தொடக்கம்.

“சிவா” என்றார் ஹெலன், குரலை உயர்த்தாமல். “அவர் கேட்டது ஒண்டு. தாங்குமோ, தாங்காதோ?”

இழுப்பதற்கு எனக்கு இன்னொரு பக்கம் இருக்கவில்லை. தந்தத்தை யோசித்தேன். பிறகு, மேடையில் ஒருபோதும் பேசாத விதமாகப் பேசினேன்.

“கையைப் பொறுத்தது. பொருந்திற கை எண்டால் பாரம் எல்லாப் பள்ளத்துக்கும் சமமாப் போகும், விரிசல் அசையாது. பொருந்தாத கை எண்டால் விளிம்பில அமத்தும். விளிம்பில அமத்தினால் விரியும்.”

“அவவின்ர கை பொருந்துமா எண்டு எப்பிடித் தெரியும்?”

“பிடிச்சுப் பார்த்தால்தான் தெரியும்.”

யாரோ சிரித்தார்கள். கிரெக் சிரிக்கவில்லை. நெடுநேரம் பேனாவை உருட்டிவிட்டு, விரிசலை இயன்ற அளவு ஆற்றிய பின், ஹெலனின் பொறுப்பில், ஒரே ஒரு முறை என்று ஒப்புக்கொண்டார். தந்தம் ஈரத்தைக் குடித்தால் சற்றே பருக்கும்; பருத்தால் விரிசலின் உதடுகள் நெருங்கும். அவசரப்பட்டால் மேற்பரப்பு மட்டும் பருத்து உள்ளே பிளக்கும். ஆகவே ஒளி புகும் பெட்டியொன்றில் சுரண்டியை மெத்தை மீது வைத்து, அதைத் தொடாமல் ஈரம் பொதிந்த தாள்களைச் சுற்றிலும் வைத்து மூடினேன். காலைதோறும் பார்ப்பேன், ஈரத்தை ஒரு சிட்டிகை கூட்டுவேன், சில நாட்கள் ஒன்றும் செய்யாமல் விடுவேன். ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் அந்த வேலையில் கடினமானது. உறங்குபவரின் வாய் மெல்ல மூடுவதுபோல விரிசல் மூடி வந்தது. இன்று வீட்டில் காலை எழுந்ததும் நான் தேடுவது அதைத்தான்: அந்தப் பெட்டியின் முன்னே, கை மடியில், ஹெலன் பக்கத்தில், இருவரும் பேசாமல் குனிந்திருப்பது. குசினியில் தேத்தண்ணிக் கோப்பையை இரு கையாலும் கீழிருந்து ஏந்துகிறேன் என்று தேவகி கேலி செய்கிறாள்.

அந்த நாள் வந்தது. மேசையில் தடித்த மெத்தை விரித்திருந்தோம். அன்னா கையைக் கழுவி, துடைத்து, இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டார். கிரெக் கதவருகே நின்றார். லூசி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அன்னா மூச்சை இழுத்து, சுரண்டியை எடுத்து, விரல்களை மூடினார்.

சுட்டுவிரல் அதன் சாய்வில் அமர்ந்தது. நடுவிரலின் வீங்கிய மூட்டு மேட்டில் ஏறி நின்றது. பெருவிரல் பள்ளத்தைத் தாண்டியது. அவர் இன்னும் சற்று அழுத்தினார், பிடிவாதமாக, இடம் கேட்பவரைப் போல.

டிக் என்று ஒரு சத்தம். பல்லில் நகம் பட்டது போன்ற சத்தம். சிறியதுதான், அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கிரெக் ஓரடி முன்னே வந்தார். ஹெலன் அவரைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார், அவர் நின்றார். அன்னா எவரும் சொல்லாமலே விரல்களைத் திறந்து, சுரண்டியை மெத்தையில் கிடத்தினார்.

“சின்னப் பிள்ளை” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

“என்ர அம்மா சின்னப் பிள்ளை. இவ்வளவு காலமும் பெரிய பொம்பிளை, வாசலை மறைச்சுக்கொண்டு நிண்டவ எண்டல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். நான் நிலத்தில இருந்து பார்த்திருக்கிறன்.” அவர் சிரித்தார். “அவவை விட நான் எவ்வளவு கிழவி!”

பிறகு மகளைப் பார்த்தார். “லூசி, இஞ்ச வா.”

“வேண்டாம், அம்மா. அது உடையுது.”

“வா எண்டுறன்.”

“எனக்கு உதைத் தொட ஒரு மாதிரி இருக்கு.”

“ஆஸ்பத்திரியில ஆரார்ட பின்பக்கமெல்லாம் கழுவுறாய். உன்ர சொந்த ஆச்சியின்ர கையைத் தொட ஒரு மாதிரி இருக்கோ?”

லூசி ஹெலனைப் பார்த்தார், தடுப்பார் என்ற நம்பிக்கையோடு. ஒரே ஒரு முறை என்பது குழுவின் சொல். ஹெலன் என்னைப் பார்த்தார். நான் லூசியின் கையைப் பார்த்தேன்; தொழில் முறையில் பார்த்தேன். முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவர். குறுகிய உள்ளங்கை, குட்டையான பெருவிரல். தலையசைத்தேன். “கையைக் கழுவுங்கோ” என்றார் ஹெலன்.

லூசி தயங்கித் தயங்கி விரல்களை மூடினார். பெருவிரல் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று விரல்களும் மூன்று சாய்வுகளில் அமர்ந்தன. புடைப்பு உள்ளங்கையை நிரப்பிற்று. தந்தத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தாள் புகவும் இடமில்லை. சத்தம் ஒன்றும் வரவில்லை. லூசியின் முகத்தில் அதுவரை இருந்த சலிப்பு எங்கோ போயிற்று.

அன்னா எழுந்து மகளின் பின்னால் நின்று, தம் வீங்கிய கையை மகளின் கை மீது வைத்து மூடினார்.

“தள்ளு. உன் பக்கம் இழுக்காதை. தோல் மடியில கிடக்கு எண்டு நினை. தள்ளு.”

இரண்டு கையும் ஒன்றாகக் காற்றில் முன்னே போய்த் திரும்பின. மறுபடியும் போய்த் திரும்பின.

“அம்மா, இது சூடாகுது” என்றார் லூசி.

“ஓம். ஆகும். இன்னும் கொஞ்சம்.”

தாயின் கைக்கும் தன் கைக்கும் நடுவே ஒரு மகளின் கையை வைத்து அன்னா தம் தாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பொருள் கையில் எடுக்கப்பட்டாலும் அதை விட்டுக் கண்ணெடுக்காத ஹெலன் அன்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விரிசல் அரிசி ஒன்றின் அளவு நீண்டிருந்தது. அதை நானே அளந்து, உள்ளபடி அறிக்கையில் எழுதினேன். பொருந்தாத கையில் விரிந்தது, பொருந்திய கையில் அசையவில்லை என்பதையும் எழுதினேன். குழு முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. சுரண்டியைத் தம் ஊருக்குத் திருப்பித் தரும்படி அன்னா கேட்டபோது, பயணத்தைத் தாங்கும் நிலையில் அது இல்லை, ஒருநாள் பார்க்கலாம் என்பது விடையாயிற்று. அந்த ஒருநாள் இன்றுவரை வரவில்லை. இப்போது நகல் வந்திருக்கிறது. நிக்கோலுக்கு என் விடை இது. நகலில் விரிசல் இருக்கிறது, கடல்நாயும் இருக்கிறது. குறை சொல்ல முடியாத வேலை. அதுவும் அன்னாவின் கைக்குப் பொருந்தாது. ஆனால் அதற்கு நோகாது. யார் எப்படி அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். அசல் தன் மகளையே மறுத்து ஒரு சத்தமிட்டது. அந்த மறுப்பில்தான் ஒரு மகள், தன் தாய் எவ்வளவு சின்னவர் என்று அறிந்தார். யாரையும் மறுக்கத் தெரியாத பொருளை அவருக்கு அனுப்பி, இதுதான் உன் தாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. எந்தப் பக்கத்தையும் பேசக்கூடிய நாக்கு இது. இந்தப் பக்கத்தைப் பேசாது.

அந்த வருகையின் முடிவில், ஊருக்குத் திரும்பும் முன் அன்னா விடைபெற வந்தார். குழுவின் முடிவை ஹெலனே நேரில் சொன்னார். வேறொருவர் வாயால் அது போகக்கூடாது என்றார். அன்னா கேட்டுக்கொண்டு, ஹெலனின் கையைத் தம் இரு கையாலும் பிடித்துவிட்டு வெளியே வந்தார். லூசி காரை எடுத்துவரப் போயிருந்தார். வாசற்படியில் அவரோடு நின்றேன். மழை தூறியது. என் தொழிலில் எதைச் சொல்வது வழக்கமோ அதைச் சொன்னேன்.

“கவலைப்படாதையுங்கோ. ஒருநாள் அது வந்து சேரும்.”

அன்னா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. முன்பே கேட்ட ஒன்றை மறுபடி கேட்பவரின் பார்வை.

“அம்மாவைக் கப்பலில ஏத்தேக்க எல்லாரும் உதைத்தான் சொன்னவையாம். 'ஒருநாள் வந்து சேருவா' எண்டு. அப்பா சாகும்வரை சொல்லுவார்: 'ஆர் கூட்டிக்கொண்டு வருவினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அதைக் கேட்க எனக்கும் தோன்றேல்லை' எண்டு. இண்டைக்கு நான் கேட்கிறன். ஆர் கொண்டு வருவினம்?”

படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். லூசியின் கார் எதிரே வந்து நின்றது. மூச்சை எங்கே வைப்பது, யாரைப் பார்த்துப் பேசுவது என்ற பயிற்சியெல்லாம் மறந்து, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரத்துச் சொன்னேன்.

“நான். சிவநேசன். வேலையில இருந்தாலும் இல்லாட்டிலும் நான்தான். பெட்டியை என்ர கையால செய்து, மடியில வைச்சுக்கொண்டு, உங்கட வாசலுக்கு நானே கொண்டு வருவன்.”